மூன்றாவது சிவப்பு

ஒன்று பத்துக்கு உள்ளே நுழைந்தேன், முப்பது நொடிக்குள் யாராவது வணக்கம் சொல்ல வேண்டும், யாரும் சொல்லவில்லை, நல்லது. முதல் கேள்விக்கு 'இல்லை' என்று போனில் அழுத்தினேன், அழுத்திய விரலில் ஒரு சுகம் ஏறியது. ஜன்னலோர மேஜையில் சாம்பார் காய்ந்த வட்டம், அதில் ஒட்டிக்கொண்டு ஒரு கறிவேப்பிலை. அதையும் படம் எடுத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தேன். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிற இந்தக் கிளைக்கு நான் வருவது இதுதான் முதல் தடவை, ஆனாலும் இதில் எனக்குத் தெரியாத மூலை இல்லை. இருபத்தேழு கிளையும் ஒரே அச்சு, அதே மஞ்சள் சுவர், ஈரம் காயாத அதே தரை, பணியாளர்களின் முதுகில் அதே 'சிரிப்போடு பரிமாறுவோம்'. திருச்சிக் கிளையில் ஐந்து வருஷம் அதை முதுகில் மாட்டிக்கொண்டு பில் போட்டவள் நான். இப்போது நான் சாப்பிட வந்தவள், இல்லை, சாப்பிட வந்தவள் மாதிரி நடிக்க அனுப்பப்பட்டவள். கடையின் தலைமை அலுவலகமே ஒரு ஏஜென்சி மூலமாக எங்களை அனுப்புகிறது. யாரென்று சொல்லிக்கொள்ளாமல் போய் உட்கார்ந்து சாப்பிட்டு இருபத்திரண்டு கேள்விக்குப் பதில் எழுதி அனுப்ப வேண்டும். மதிப்பெண் குறைந்தால் கிளைக்குச் சிவப்பு. ஒரே வருஷத்தில் மூன்று சிவப்பு விழுந்தால் மேனேஜர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இந்தக் கிளைக்கு ரெண்டு விழுந்தாயிற்று. மூன்றாவது என் கையில் இருக்கிறது.

அவன் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறான். கடையில் வேலை செய்கிறவர்களில் அவன் ஒருவனுக்குத்தான் நாற்காலி. குருபரன். திருச்சியில் எனக்கு மேனேஜராக இருந்தவன், இப்போது இங்கே மேனேஜர். தலைக்கு மை அடித்திருக்கிறான், நெற்றியோரத்தில் தோலிலும் கறுப்பு ஏறியிருக்கிறது. இளைத்துப்போயிருக்கிறான், சர்க்கரையாக இருக்கும், இருக்கட்டும். நான் நுழையும்போது நிமிர்ந்து பார்த்தான், பார்வை என்மேல் பட்டு அப்படியே எனக்குப் பின்னால் வந்த குடும்பத்துக்குப் போய்விட்டது. அடையாளம் தெரிந்திருந்தால் எல்லாம் கெட்டிருக்கும், எழுந்து வந்து இளித்திருப்பான், ஏஜென்சிக்கு போன் போட்டு இவள் எங்கள் பழைய ஆள் என்று சொல்லியிருப்பான். தெரியவில்லை, அதுவரைக்கும் நல்லதுதான். ஆனால் ஏன் தெரியவில்லை? ரெண்டு வருஷமாக நான் இவன் முகத்தோடு அல்லவா எழுந்திருக்கிறேன். பல் தேய்க்கும்போது இந்த முகம், பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போது இந்த முகம். இவனுக்காகத்தானே மருந்துக்கடை, செருப்புக்கடை, ஜவுளிக்கடை என்று ஊர் ஊராகப் போய் யார் யாருடைய கடையிலோ உட்கார்ந்து எழுதிக்கொடுத்தேன், என்றைக்காவது ஒருநாள் இவன் கிளை என் பட்டியலில் வரும் என்று. போன வியாழக்கிழமை வந்தது. புதுக்கோட்டை, மதியச் சாப்பாடு, முடியுமா என்று கேட்டார்கள். கேட்டு முடிப்பதற்குள் முடியும் என்றேன். அப்படிப்பட்டவளை ஒரு நொடி உற்றுப் பார்க்கக்கூடவா தோன்றவில்லை. முடியை வெட்டிவிட்டேன், கண்ணாடி போட்டிருக்கிறேன், அதனால் இருக்கும். அதனால்தான். முடியைப் பற்றி இப்போது நினைக்க வேண்டாம். மூன்றாவது கேள்வி, மேஜை சுத்தமாக இருந்ததா. இல்லை.

முடியைப் பற்றி நினைக்க வேண்டாம் என்றால் அதுதான் வருகிறது. அன்றைக்கும் மதியம்தான், இதே மாதிரி கூட்டம். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு ஆள் குடும்பத்தோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார், குருமாவில் முடி கிடக்கிறது என்று தட்டைத் தூக்கிக் காட்டினார். குருபரன் ஓடினான். மன்னிப்புக் கேட்டுத் தட்டை மாற்றிக் கொடுத்திருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். அந்த முடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான், பார்த்துக்கொண்டே நான் பில் போடுகிற இடத்துக்கு வந்தான். திரும்பு என்றான். என்னமோ எடுக்கச் சொல்கிறான் என்று திரும்பினேன். என் தலையிலிருந்த கடைத் தொப்பியை உருவினான். பக்கத்துத் தட்டிலிருந்து வடை எடுக்கிற இடுக்கியை எடுத்து என் சடையின் நுனியைக் கவ்வித் தூக்கினான். கையால்கூடத் தொடவில்லை. சடையை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "உன்னுதுதான் ரெஜினா, பாதி நரைச்சிருக்கு பாரு" என்றான், கடை முழுக்கக் கேட்கிற மாதிரி. சிரித்தார்கள். அந்த வெள்ளைச் சட்டைக்காரரும் சிரித்தார், விடுங்க பாஸ் என்றார், இன்னொரு குருமா வாங்கிக்கொண்டார். எண்ணெய் கழுத்தில் இறங்கியது, வடை எண்ணெய், இளஞ்சூடாக. நான் பில் போடுகிறவள், சமையல்கட்டுப் பக்கம் போகிறவளே இல்லை. அதைச் சொல்லவில்லை. ஸாரி சார் என்றேன். யாரிடம் சொன்னேன், அவனிடமா அந்த ஆளிடமா, இன்றைக்கு வரைக்கும் தெரியவில்லை. மறுநாள் காலையில் கத்தரியை எடுத்துக் காதுக்குக் கீழே வெட்டிவிட்டேன். என் வீட்டுக்காரர் ஸ்டீபன் உடைந்த காலில் கட்டோடு கட்டிலில் படுத்துக்கொண்டு ஏன் ஏன் என்று கேட்டார், பேன் என்றேன்.

அதற்குப் பிறகும் எட்டு மாதம் அங்கேயே வேலை பார்த்தேன். இதுதான் தொண்டையில் நிற்கிறது. இடுக்கி போய்விட்டது, எண்ணெய் போய்விட்டது, அந்த எட்டு மாதம் போகவில்லை. எட்டு மாதம் காலையில் போனதும் குட் மார்னிங் சார் என்றேன். ஸ்டீபன் ஆட்டோவோடு கவிழ்ந்து படுத்திருந்தார், வேறு வழியில்லை, அது உண்மை, ஆனால் குட் மார்னிங் சொல்லச் சொல்லி யார் கழுத்தைப் பிடித்தார்கள். அவன் பிறந்தநாளுக்குக் கேக் வாங்க எல்லோரும் பங்கு போட்டபோது நானும் போட்டேன். ஒரு துண்டு தின்றேன். நன்றாக இருந்தது. அதுதான், நன்றாக இருந்தது என்று நாக்குக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. கடைசியில் நானாக வெளியே வந்தேனா, அதுவும் இல்லை. இப்போது நான் செய்கிற இதே வேலையைச் செய்கிற யாரோ ஒருத்தர் வந்து சாப்பிட்டுவிட்டு, பில் போட்ட பெண் சிரிக்கவில்லை என்று எழுதி என் பேரையும் போட்டுவிட்டார். ஒன்பது மணி நேரம் நின்றவள் சிரிக்கவில்லை. குருபரன் அந்தத் தாளை எனக்கே படித்துக் காட்டி, நான் என்னம்மா செய்யறது மேலிடத்து உத்தரவு என்றான். அன்றைக்குத்தான் இப்படி ஒரு வேலை இருக்கிறது என்பதே எனக்குத் தெரிந்தது.

இருபது நிமிஷம் ஆகிவிட்டது. ஒரு அம்மாள் வந்து தண்ணீர் டம்ளரை டக்கென்று வைத்துவிட்டு என்ன வேணும் என்பதுபோல முகவாயைத் தூக்கினாள். ஐம்பத்தைந்து இருக்கும். சிரிக்கவில்லை. டம்ளருக்குள் விரல் நனைந்திருந்தது. சாப்பாடு என்றேன், போய்விட்டாள், வலது முழங்கால் மடங்காமல் அந்தக் காலை இழுத்து இழுத்து வைத்தாள். சட்டையில் பேர் அட்டை, வள்ளிக்கண்ணு. ஒன்பதாவது கேள்வி, பரிமாறிய பணியாளரின் பெயர். பத்தாவது, பணியாளர் புன்னகைத்தாரா. பதினொன்று, பணிவாகப் பேசினாரா. மேனேஜரைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை, இருபத்திரண்டிலும் இல்லை, எனக்கு மனப்பாடம். சிவப்பு விழுந்தால் மேனேஜர் போவான், ஆனால் அவன் போவதற்கு முன்னால் ஒன்பதாவது கேள்வியில் இருக்கிற பேர் போகும், அன்றைக்கு நான் போன மாதிரி. அவனை அடிக்க வேண்டுமென்றால் இந்த அம்மாள் வழியாகத்தான் அடிக்க வேண்டும். அடித்தால் என்ன என்று ஒரு குரல். டம்ளரை அப்படியா வைப்பது, நான் ஐந்து வருஷத்தில் ஒருத்தருக்கும் அப்படி வைத்ததில்லை. உடனே இன்னொரு குரல், நீ பில் போடுகிற இடத்தில் இருந்தாய், உனக்கு முழங்கால் நன்றாக இருந்தது. சரி, இந்த அம்மாளுக்கு முழு மதிப்பெண் போட்டுவிட்டு, மேஜை, கழிவறை, காத்திருந்த நேரம், சாப்பாட்டுச் சூடு இவற்றில் மட்டும் குறைக்கலாம். மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். மஞ்சளில் நிற்கும். சிவப்புக்கு எட்டாது. இவளுக்குச் சிரிக்கவில்லை என்று போட்டால்தான் சிவப்பு. மறுபடி கூட்டினேன். மறுபடியும் மஞ்சள்தான். ரெண்டு வருஷம் காத்திருந்தது ஒரு மஞ்சளுக்கா.

ஒன்று நாற்பத்துநாலுக்குச் சாப்பாடு வந்தது, பில்லையும் தட்டுக்கு அடியிலேயே செருகியிருந்தாள். சோறு ஆறிக் கட்டியாக இருந்தது. சாம்பாரைத் தொட்டேன், ஐஸ் மாதிரி இருந்தது, மேலே ஆடை படிந்திருந்தது. அப்பளம் இல்லை. தட்டையும் பில்லையும் சேர்த்து மேலிருந்து படம் எடுத்தேன், கொஞ்சம் நிதானமாக எடுத்துவிட்டேன் போலிருக்கிறது, நிமிர்ந்தால் குருபரன் கல்லாவிலிருந்து என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தை அல்ல, கையை. தனியாக வந்த பெண், தட்டையும் பில்லையும் சேர்த்துப் படம் எடுக்கிறாள், அவனுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து வந்தான். இந்த நடை எனக்குத் தெரியும், வேகமாக, வயிற்றைக் கொஞ்சம் முன்னால் தள்ளிக்கொண்டு. பக்கத்தில் வர வர என் பின்கழுத்து சில்லிட்டது, கை தானாக முடிக்குப் போனது, கீழே இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அதே கிராம்பு வாசனை, பல்வலிக்குக் கிராம்பு மெல்லுவான், இன்னும் மெல்லுகிறான். குனிந்து, சிஸ்டர் சாப்பாடெல்லாம் எப்படி இருக்கு என்று கேட்டான். இந்தக் குரலை நான் கேட்டதே இல்லை, வெண்ணெய் தடவின குரல். ஆறிப்போயிருக்கிறது, முப்பத்துநாலு நிமிஷம் ஆயிற்று என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி இருந்தது. அவன் திரும்பி விரலைச் சொடுக்கினான்.

வள்ளிக்கண்ணு காலை இழுத்துக்கொண்டு வந்தாள். மேடம்கிட்ட மன்னிப்புக் கேளு என்றான், மெதுவாக இல்லை, பக்கத்து மேஜைகள் திரும்புகிற மாதிரி. மன்னிச்சுக்குங்க என்றாள். அவன் இரண்டு விரலால் அவள் சட்டையிலிருந்த பேர் அட்டையைத் தூக்கி என் பக்கம் திருப்பிப் பிடித்தான். "வயசாயிடுச்சு சிஸ்டர், சொன்னா ஏறாது. பேர் வள்ளிக்கண்ணு. நீங்க தாராளமா எழுதிக்குங்க." பக்கத்து மேஜையில் ஒரு பெண் வாயில் வைத்த சோற்றோடு பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு முன்னால் தட்டு, எனக்குக் கீழே நாற்காலி, அவர்கள் ரெண்டு பேரும் நின்றுகொண்டிருக்கிறார்கள். அப்போதுதான் உறைத்தது, நான் உட்கார்ந்திருப்பது அந்த வெள்ளைச் சட்டைக்காரரின் இடத்தில். இங்கே இருந்து பார்த்தால் எவ்வளவு சின்ன விஷயமாகத் தெரிகிறது. ஒரு சிரிப்பு, விடுங்க பாஸ், இன்னொரு குருமா, முடிந்தது. இவ்வளவு சுலபமாகவா இருந்தது அந்த ஆளுக்கு. உள்ளே என்னமோ சுருண்டு எழுந்தது, பயம்தான் என்று நினைத்தேன், பயம் இல்லை.

"நீங்க உட்காருங்கக்கா" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. எதிர் நாற்காலியைக் காட்டினேன். குருபரன் சிரித்து, டூட்டியில் உட்காரக்கூடாது சிஸ்டர், கம்பெனி ரூல் என்றான். கடையில் வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டதே, உங்களுக்குத் தெரியாதா, அதையும் எழுதலாமா என்று போனைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவன் முகத்தில் ஏதோ கூட்டல் கழித்தல் ஓடியது. பிறகு குருபரன், திருச்சிக் குருபரன், குனிந்து நாற்காலியை இழுத்துப் போட்டான். அவள் விளிம்பில் உட்கார்ந்தாள். உட்காரும்போது அவளுக்குள்ளிருந்து ஒரு மூச்சு வந்தது, அந்த மூச்சு எனக்குத் தெரியும், திருச்சியில் பஸ்ஸில் இடம் கிடைத்து உட்காரும்போதெல்லாம் எனக்கு வரும். இவங்களுக்கும் எனக்கும் சூடாக ரெண்டு சாப்பாடு கொண்டு வாங்க, நீங்களே கொண்டு வாங்க என்றேன். போனான். போகிற முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இனித்தது. மறைக்க என்ன இருக்கிறது, வெல்லம் மாதிரி இனித்தது.

ஆனால் எதிரே இருந்த முகத்தைப் பார்த்ததும் இனிப்பு நின்றுவிட்டது. நாளைக்கு இந்த அம்மாள் இவனிடம்தான் வர வேண்டும். நான் பஸ் ஏறிப் போய்விடுவேன். பயப்படாதீங்கக்கா, உங்க பேரில் குறை எழுத மாட்டேன், சிரித்தீர்கள் என்றே போட்டுவிடுகிறேன் என்று சொன்னேன். அவள் சமையல்கட்டுக் கதவைப் பார்த்தாள், பிறகு முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தாள்.

"அப்படி எதுவும் பண்ணிடாதீங்கம்மா. எங்க காரியத்தைக் கெடுத்துராதீங்க. மேசையை போட்டோ எடுத்தீங்கள்ல, அப்பவே நீங்க யாருன்னு தெரிஞ்சுபோச்சு. இந்தச் சாம்பார் நேத்து உள்ளது. உங்களுக்குன்னே எடுத்து வச்சது."

அவள் தண்ணீரைக் குடித்துவிட்டு, குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே மளமளவென்று சொன்னாள். முன்னால் விழுந்த ரெண்டு சிவப்பும் குருபரனைத் துரத்த இங்கே வேலை செய்கிறவர்கள் வேண்டுமென்றே வாங்கிக் கொடுத்ததுதான். எழுத வருகிறவர்களை இவர்களுக்கு இப்போது பார்த்ததும் தெரியும். எப்படியும் வேலையை விடப்போகிற ஒருத்தரை அந்த மேஜைக்கு அனுப்புவார்கள், அவர் பேர் போகும், மற்றவர்கள் தப்பிப்பார்கள். முதல் தடவை பேர் கொடுத்தவள் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போய்விட்டாள், ரெண்டாவது ஆள் இப்போது சிங்கப்பூரில் இருக்கிறார். மூன்றாவதாக இவளே முன்வந்தாளாம். மகள் வீட்டுக்கு அறந்தாங்கி போகிறாள், மாதக் கடைசியோடு நிற்கிறாள். எட்டுப் பேர் சேர்ந்து ஒரு வருஷமாக, ஒருத்தர் வாயிலிருந்தும் வெளியே வராமல். சிரிக்காமல் இருப்பதுதான் கஷ்டமாக இருந்தது, உங்களைப் பார்த்தால் பாவமாக இருந்தது என்றாள். தண்ணீரில் விரலை விட்டது வேண்டுமென்றுதானா என்று கேட்டேன். ஆமாம், கையைக் கழுவிட்டுத்தான் விட்டேன் என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். முதலில் வந்தது ஒரு எரிச்சல், என் இடத்தில் யாரோ துண்டு போட்டு வைத்திருந்த மாதிரி. ரெண்டு வருஷமாக இந்தக் கோபம் என் ஒருத்தியுடையது, நான் ஒருத்திதான் இதை வளர்க்கிறேன் என்று இருந்தேன், இங்கே எட்டுப் பேர் அதைப் பொங்கிப் பங்கு வைத்துப் பரிமாறிக்கொண்டிருக்கிறார்கள். அப்புறம் மெதுவாக அந்த எட்டு மாதத்தின் ஞாபகம் வந்தது. குட் மார்னிங் சார். திருச்சியில் நாங்களும் பதினோரு பேர் இருந்தோம். இடுக்கியைத் தூக்கியபோது மற்றப் பத்துப் பேரும் பார்த்தார்கள். அன்று சாயங்காலம் வசந்தா என்கிற பெண் மட்டும் பேசாமல் ஒரு துணியை நனைத்துக் கொண்டுவந்து என் கழுத்தைத் துடைத்துவிட்டாள், நான் அவளை வெடுக்கென்று தள்ளிவிட்டேன். அவள் கையைத் தள்ளாமல் இருந்திருந்தால். என்னமோ. அவளும் நானும் ஒரு மேஜையில் உட்கார்ந்திருந்தால்.

குருபரன் ரெண்டு தட்டும் கொண்டுவந்தான். ஆவி பறந்தது, அப்பளம் ரெண்டு ரெண்டு. வைத்துவிட்டுப் போகப்பார்த்தான், மோர் வேண்டியிருக்கும் நில்லுங்க என்றேன். நின்றான். நாங்கள் சாப்பிட்டோம். வள்ளிக்கண்ணு முதலில் பருக்கை பருக்கையாகத் தின்றாள், பிறகு பிசைந்து நன்றாகச் சாப்பிட்டாள், ரசம் கேட்டாள், அவனைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டாள், அவன் ஓடினான். வந்து மறுபடி நின்றான். காலை மாற்றி மாற்றி வைத்தான், பத்து நிமிஷத்துக்கே. நான் ஒவ்வொரு கவளமாக மென்றேன். சாப்பிட்டபடியே இடது கையால் எழுதினேன், பணியாளர் பெயர் வள்ளிக்கண்ணு, புன்னகைத்தாரா இல்லை, பணிவாகப் பேசினாரா இல்லை, உணவு சூடாக இருந்ததா இல்லை. ஒன்றுகூடப் பொய் இல்லை. கூட்டிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை, கட்டமே சிவந்து நின்றது. அனுப்பு என்ற பொத்தானை மட்டும் அழுத்தவில்லை.

கை கழுவிக்கொண்டு கிளம்பினேன். அவன் வாசல்வரைக்கும் வந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான். கொஞ்சம் பார்த்துப் போடுங்க சிஸ்டர், எனக்கும் குடும்பம் இருக்கு என்றான். பேசாமல் போயிருக்கலாம். போக முடியவில்லை. ரெண்டு வருஷமாக நான் ஆசைப்பட்டது இவன் வேலை போக வேண்டும் என்பதா, இல்லை, யாரால் போகிறது என்று இவனுக்குத் தெரிய வேண்டும் என்பதா. கண்ணாடியைக் கழற்றினேன். "நான் உங்ககிட்ட வேலை பார்த்தவ சார்" என்றேன்.

என் முகத்தை உற்றுப் பார்த்தான். தேடினான், நிஜமாகவே தேடினான், அந்தத் தேடலை நான் அணு அணுவாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். இடுக்கி என்று சொல்லிவிடுவான், இதோ சொல்லிவிடுவான். அவன் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. "கரூர்ல… அந்த ஃப்ரீசர் ரூம்ல வச்சுக் கதவைச் சாத்துனது… அது நீங்களா சிஸ்டர்? சும்மா விளையாட்டுக்குச் செஞ்சது அது. அஞ்சே நிமிஷம்."

கரூர். எனக்குத் தெரியாது. யார் அது. எந்தப் பெண். கதவு சாத்தியதும் அவள் என்ன செய்தாள், தட்டினாளா, கத்தினாளா, மறுநாள் வந்து குட் மார்னிங் சொன்னாளா. நான் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு அவனை உற்றுப் பார்த்ததும் அவனுக்கு இன்னும் பயம் பிடித்துக்கொண்டது. இல்லையென்றால், பெரம்பலூரில் மாசமாக இருந்தபோது லீவு கேட்டு, என்று ஆரம்பித்தான், பாதியில் நிறுத்தினான், அவங்களா, என்றான். இவனுக்குள் ஒரு வரிசையே நிற்கிறது. அதில் நான் எத்தனையாவது ஆளோ, என் பேர் என்னவோ, அவனுக்குத் தெரியப்போவதில்லை. நான் சொன்னாலும் அடுத்த நிமிஷம் மறந்துவிடுவான். பழைய ஆள் என்று ஏஜென்சிக்குச் சொல்வதென்றாலும் எந்தப் பேரைச் சொல்வான், எந்தக் கதவைச் சொல்வான். அதை நினைத்து அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. மாறாக உடம்பு முழுக்க ஒரு தெம்பு ஏறியது, பத்துப் பேர் என் தோளோடு தோளாக வந்து நிற்கிற மாதிரி.

"ஆமா சார். கரூர்ல நான்தான்" என்றேன். "பெரம்பலூர்லயும் நான்தான்."

போனை அவன் பார்க்கிற மாதிரி திருப்பிப் பிடித்துக்கொண்டு அழுத்தினேன்.